வண்டி ரெடி, ஆள் ரெடி... சம்பளம் யார் கொடுக்குறது? - மனநல அவசர உதவியின் பணக் கதை!

நடுராத்திரி 1 மணி. பக்கத்து ஃபிளாட் அண்ணன் மொட்டை மாடியில நின்னு யார்கூடவோ சத்தமா பேசிட்டிருக்கார். அங்க அவரைத் தவிர யாருமில்லை. 'மூணு நாளா தூங்கவே இல்லைப்பா'னு அக்கா அழறாங்க. கிட்டப் போனா 'வராதே'னு கத்துறார். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஆளாளுக்கு ஒரு ஐடியா. 'போலீஸைக் கூப்பிடுங்க'ங்குறார் செகரட்டரி. 'ஐயோ, அவர் என்ன திருடனா?'ங்குறாங்க அக்கா. உங்க கையில போன் இருக்கு. எந்த நம்பரை அழுத்துவீங்க?

100-க்கு அடிச்சா காக்கி யூனிஃபார்ம் வரும். 'யாரோ என்னைப் பிடிக்க வர்றாங்க'னு ஏற்கெனவே நடுங்கிட்டிருக்கிற மனுஷனுக்கு அதைவிடப் பெரிய பயம் என்ன இருக்கு? 108-க்கு அடிச்சா ஆம்புலன்ஸ் வரும். ஆனா, அது விபத்து, மாரடைப்பு, பிரசவம்னு உடம்போட அவசரத்தை மனசுல வெச்சு உருவான சேவை. 14416-க்கு அடிச்சா அரசோட 'டெலி மானஸ்' ஆலோசகர் பேசுவார். நல்லா பேசுவாங்க, வழியும் சொல்வாங்க. ஆனா, மாடிப்படி ஏறி அண்ணன் பக்கத்துல வந்து உட்கார மாட்டாங்க.

அப்படி வந்து உட்காருறதுக்குன்னே ஒரு வண்டியை, ஓர் ஊர் 35 வருஷத்துக்கும் மேல ஓட்டிக் காட்டுச்சு. உலகமே அதைப் பார்த்து காப்பி அடிச்சது. 2025-ல அந்த ஊர்லயே அந்த வண்டி நின்னுபோச்சு. ஏன்னு கேட்டா, பதில் மருத்துவத்துல இல்லை... பட்ஜெட்ல இருக்கு.

ஹிப்பிகள் ஆரம்பிச்ச வண்டி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கிறது யூஜீன். கிட்டத்தட்ட 1,75,000 பேர் வசிக்கும் ஊர். ஹிப்பி கலாசாரம் உச்சத்தில் இருந்தபோது அங்கே 'ஒயிட் பேர்ட் கிளினிக்' என்று ஓர் இலவச மருத்துவமனை தொடங்கியது. போதையில் பயந்து நடுங்குபவர்கள், வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள் என யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காரும் இடம்.

அந்த கிளினிக்கும் ஊர் போலீஸும் கைகோத்து 1989-ல் தொடங்கியதுதான் 'கஹூட்ஸ்'. ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு 'கூட்டுக் களவாணித்தனம்' என்று அர்த்தம். போலீஸைக் கண்டாலே ஆகாத ஹிப்பிகள் போலீஸோடு சேர்ந்து வேலை பார்க்கிறார்களே என்று தங்களைத் தாங்களே கிண்டலடித்துக்கொண்டு வைத்த பெயர் அது!

எப்படி வேலை செய்தது? ரொம்ப சிம்பிள். ஒரு வேன், இரண்டு பேர். ஒருவர் நர்ஸ் அல்லது ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர். இன்னொருவர், நெருக்கடியில் இருப்பவரிடம் பேசிப் பழகிய மனநலப் பணியாளர். யூனிஃபார்ம் கிடையாது, ஜீன்ஸும் ஹூடியும்தான். துப்பாக்கி, கைவிலங்கு எதுவும் இல்லை. வேனில் தண்ணீர், போர்வை, காய்ந்த சாக்ஸ். மழையில் நனைந்து பஸ் ஸ்டாப்பில் புலம்பிக்கொண்டிருப்பவருக்கு, சில நேரம் கவுன்சலிங்குக்கு முன்னாடி தேவைப்படுவது காய்ந்த சாக்ஸ்தான் இல்லையா?

போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்கு வரும் அழைப்பைக் கேட்டுவிட்டு, 'இது போலீஸ் வேலை இல்லை, கஹூட்ஸ் போகட்டும்' என்று அங்கிருந்தே வேனை அனுப்புவார்கள். கூப்பிட்டவரிடமும் கூப்பிடப்பட்டவரிடமும் ஒரு பைசா வாங்க மாட்டார்கள்.

2019-ல் மட்டும் சுமார் 24,000 அழைப்புகள். அதில் 'போலீஸும் வாங்க' என்று கஹூட்ஸ் துணை கேட்டது 311 முறைதான். அந்த வேன்களுக்கான ஆண்டுச் செலவு ஏறக்குறைய 21 லட்சம் டாலர். யூஜீனும் பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டும் சேர்ந்து போலீஸுக்குச் செலவழித்தது 9 கோடி டாலர். நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை பாருங்க!

இந்தக் கணக்கில் ஒரு சண்டையும் உண்டு. 'ஊருக்கு வரும் மொத்த அவசர அழைப்புகளில் 17 சதவிகிதத்தை நாங்களே பார்த்துவிடுகிறோம்' என்றது கஹூட்ஸ் தரப்பு. யூஜீன் போலீஸ் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு, 'நாங்கள் போகவேண்டிய இடத்துக்கு நீங்கள் போனது 5 முதல் 8 சதவிகிதம்தான். மீதியெல்லாம் எப்படியும் நாங்கள் போகத் தேவையில்லாத கேஸ்' என்றது. எனக்கென்னவோ இரண்டு பேர் சொல்வதுமே சரி என்றுதான் படுகிறது. யாருமே போயிருக்க மாட்டார்கள் என்கிற இடத்துக்கு ஒருத்தர் போவதும் வேலைதானே? ஆனால், பட்ஜெட் போடுகிற மேஜையில் 'மிச்சமான செலவு'க்குத்தான் மதிப்பு. இந்த எண் சண்டை ஏன் முக்கியம் என்று கொஞ்ச நேரத்தில் புரியும்.

கூடப் பிறந்தவருக்காகக் கூப்பிட்டா என்ன ஆகும்?

2020 மார்ச் மாதம். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம். டேனியல் ப்ரூட் என்பவர் மனநிலை குழம்பி, பனிக்காலத்தில் உடையில்லாமல் தெருவில் ஓடினார். உதவி வேண்டும் என்று அவசர எண்ணை அழைத்தது அவருடைய சகோதரர். வந்தது போலீஸ். கைவிலங்கு மாட்டி, தலையில் உறை போட்டு, தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். மூச்சு நின்றது. ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார்.

அந்த வீடியோ செப்டம்பரில் வெளியே வந்தது. அதற்கு முன்பே மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு நாடே கொதித்துக்கொண்டிருந்தது. அமெரிக்க போலீஸின் துப்பாக்கிச்சூட்டில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பிரச்னை இருந்தது என்பதை 'வாஷிங்டன் போஸ்ட்' தொகுத்த பட்டியல் ஏற்கெனவே காட்டியிருந்தது. 'வேற வழியே இல்லையா?' என்று எல்லோரும் தேடியபோது, கண்ணில் பட்டது யூஜீனின் அந்தப் பழைய வேன்.

டென்வர் நகரம் 2020 ஜூன் மாதம் 'ஸ்டார்' என்ற பெயரில் தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகளுக்குப் போனார்கள். ஒன்றுகூட கைதில் முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் டீ, ஜேம்ஸ் பைன் இருவரும் இதை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்ட கட்டுரையில், ஸ்டார் வேன் ஓடிய பகுதிகளில் சின்னச் சின்ன குற்றப் பதிவுகள் 34 சதவிகிதம் குறைந்ததைக் காட்டினார்கள். ஒரு சிறு குற்றத்தை போலீஸ், கோர்ட், ஜெயில் என்று கொண்டுபோகும் செலவில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் இதற்கு ஆனது என்பதும் அவர்கள் கணக்கு.

வேலை செய்கிறது, செலவும் குறைவு. அப்புறம் என்ன பிரச்னை?

சும்மா இருக்கிறதுக்கு சம்பளம்

உங்க ஊர் ஃபயர் சர்வீஸை நினைச்சுப் பாருங்க. நாள் முழுக்க தீ பிடிக்கிறதில்லை. ஆனா, பிடிக்கிற நிமிஷத்துல வண்டி கிளம்பணும். அதுக்காக ஆளுங்க ஷிப்ட் போட்டு காத்திருக்காங்க. அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் அரசு சம்பளம் கொடுக்குது. 'இந்த மாசம் ரெண்டு தீதான் பிடிச்சது, ரெண்டு தீக்கு மட்டும் காசு தர்றோம்'னு யாரும் சொல்றதில்லை.

மனநல வண்டியும் அதே கதைதான். ஒரு சின்ன கணக்கு போடுவோமா? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரே ஒரு சீட்டை இரவு பகலாக நிரப்ப 4 பேர் போதாது. இரண்டு சீட் என்றால் 9 பேர். லீவு, காய்ச்சல், டிரெய்னிங் எல்லாம் சேர்த்தால் 10 பேருக்கு மேல். ஒரே ஒரு வேனுக்கே இந்தக் கதை! இரவு 3 மணிக்கு போன் அடிக்கவில்லை என்றாலும் அந்த இருவருக்கும் சம்பளம் ஓடும்.

இந்தக் காசு எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஒவ்வொரு வழி பிடித்தார்கள்.

டென்வர் மக்கள் 2018-ல் ஓட்டுப்போட்டு தங்கள் மேல் தாங்களே ஒரு வரி போட்டுக்கொண்டார்கள். 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் 25 சென்ட், மனநலத்துக்கும் போதை மீட்புக்கும். ஸ்டார் வேன் தொடங்கியது அந்தப் பணத்தில்தான். ஆல்புகர்க்கி நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், 2021-ல் போலீஸ், ஃபயர் சர்வீஸ் இரண்டுக்கும் பக்கத்திலேயே 'சமூகப் பாதுகாப்பு' என்று மூன்றாவது துறையையே உருவாக்கிவிட்டது. நகராட்சி பட்ஜெட்டில் நிரந்தர இடம்.

இன்னொரு வழி, போன் பில். 2022 ஜூலையில் அமெரிக்கா முழுக்க 988 என்ற மனநல அவசர எண் அமலுக்கு வந்தது. அதற்காக போன் பில்லில் சிறு கட்டணம் வசூலிக்க மாநிலங்களுக்கு 2020-லேயே சட்டம் அனுமதி கொடுத்துவிட்டது. வாஷிங்டன் மாநிலம் ஒரு போனுக்கு மாதம் 24 சென்ட் என்று ஆரம்பித்து, 2023-ல் 40 சென்ட் ஆக்கியது. சின்னக் காசுதான். அதைக்கூட போட பல மாநிலங்கள் தயங்குகின்றன. 'புது வரி' என்ற வார்த்தைக்கு எந்த ஊர் அரசியல்வாதியும் பயப்படத்தான் செய்கிறார்!

நான்காவது வழிதான் பெரியது, சிக்கலானதும்கூட. மெடிகெய்ட். ஏழைகளுக்கான அரசு காப்பீடு. மத்திய அரசும் மாநிலமும் செலவைப் பகிர்ந்துகொள்ளும். நடமாடும் மனநலக் குழு நடத்தினால் முதல் மூன்று ஆண்டுகளுக்கு 85 சதவிகிதத்தை நாங்களே தருகிறோம் என்று மத்திய அரசு 2021-ல் சட்டம் போட்டது. அந்தப் பகுதிக்கு அடித்தளமான மசோதாவைக் கொண்டுவந்தவர் ஓரிகன் செனட்டர் ரான் வைடன். மசோதாவின் பெயரே 'கஹூட்ஸ் சட்டம்'!

கேட்க சூப்பரா இருக்குல்ல? ஆனா, காப்பீடு எப்படி காசு கொடுக்கும்னு யோசிங்க. நோயாளி பெயர், பிறந்த தேதி, காப்பீட்டு எண், என்ன சிகிச்சை, எத்தனை நிமிஷம்... எல்லாம் எழுதி பில் அனுப்பணும். கஹூட்ஸோட பலமே 'பேர் சொல்ல விருப்பமில்லைனா பரவாயில்லை, முதல்ல தண்ணி குடிங்க'ங்கிறதுதான். பாலத்துக்கு அடியில படுத்திருக்கிறவர்கிட்ட 'இன்ஷூரன்ஸ் கார்டு இருக்கா?'ன்னு எப்படிக் கேட்கிறது? காய்ந்த சாக்ஸை என்ன சிகிச்சைன்னு பில்லில் எழுதுறது? போன் அடிக்காத இரவு 3 மணிக்கு யாருக்கு பில் போடுறது?

வண்டி நின்ன நாள்

யூஜீனில் கஹூட்ஸுக்குப் பெரும்பாலும் பணம் வந்தது போலீஸ் பட்ஜெட்டில் இருந்த ஓர் ஒப்பந்தம் வழியாக. உலகப் புகழ் வந்த பிறகும் ஊழியர்களின் சம்பளம் 2020 வாக்கில் மணிக்கு 18 டாலர்தான். ராத்திரி ஷிப்ட்டில், கத்தியோடு நிற்பவரிடமும் நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவருக்கு, அமெரிக்காவில் அது சொற்பம். மன உளைச்சலைப் பார்க்கிறவர்களே மன உளைச்சலோடு வேலையை விட்டுப் போனால் எந்தக் குழு தாங்கும்?

இதற்கிடையில் மெடிகெய்ட் பணத்தை நம்பி, யூஜீன் இருக்கும் லேன் கவுன்ட்டி நிர்வாகம் 2024-ல் தனியாக ஒரு நடமாடும் குழுவைத் தொடங்கியது. ஒரே ஊரில் இரண்டு குழு. புதியது காப்பீட்டு விதிமுறைக்குப் பொருந்தியது. பழையது மக்களுக்குப் பொருந்தியது. ஒயிட் பேர்ட் கிளினிக்கின் நிதி நெருக்கடி முற்றியது, ஆட்குறைப்பு நடந்தது, நகரத்துடனான ஒப்பந்தம் முடிந்தது. 2025 ஏப்ரல் 7-ம் தேதியோடு யூஜீன் தெருக்களில் கஹூட்ஸ் வேன் ஓடுவது நின்றது.

இப்படி நின்றதற்கு கிளினிக்கின் நிர்வாகக் குறையும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஓர் ஊரின் அவசர சேவை ஒரு தனியார் தொண்டு நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு நெருடுகிறது. ஃபயர் ஸ்டேஷனை அப்படி விட்டிருப்பார்களா?

வண்டி நின்னதும் நெருக்கடி நின்னுடுமா என்ன? கவுன்ட்டி குழு மனநல அவசரத்தைப் பார்க்கிறது. ஆனால், 'எதிர் வீட்டுப் பாட்டி ரெண்டு நாளா கதவைத் திறக்கலை, கொஞ்சம் பார்க்க முடியுமா?' மாதிரியான அழைப்புகள்தான் கஹூட்ஸின் பெரும்பகுதி வேலை. அந்த மாதிரி வேலைகள் மறுபடி போலீஸிடமும் ஃபயர் சர்வீஸிடமும் போய்ச் சேர்ந்தன. போலீஸ் சொன்ன 5 சதவிகிதமா, கஹூட்ஸ் சொன்ன 17 சதவிகிதமா என்ற கேள்விக்கு ஒருவேளை இப்போதுதான் உண்மையான பதில் கிடைக்கும். பழைய ஊழியர்கள் சிலர் புது அமைப்பாகச் சேர்ந்து மறுபடி வண்டி ஓட்ட முயன்றார்கள். 2025 ஜூலையிலோ, மெடிகெய்ட் செலவை வரும் ஆண்டுகளில் பெரிய அளவில் குறைக்கும் சட்டம் அங்கே நிறைவேறிவிட்டது.

சரி, நம்ம மாடிக்கு வருவோம்

108 ஏன் 2008-லிருந்து தமிழ்நாட்டில் நிற்காமல் ஓடுகிறது? ஓட்டுவது ஒரு நிறுவனம்தான். ஆனால், பணம் அரசு பட்ஜெட். நோயாளியிடம் பில் கிடையாது, இரவு 3 மணிக்கு சும்மா நிற்கும் வண்டிக்கும் சேர்த்துத்தான் காசு. யூஜீனுக்குக் கிடைக்காத அந்த ஏற்பாடு, நம்மிடம் உடம்புக்கு ஏற்கெனவே இருக்கிறது. மனசுக்கு இல்லை.

மனசுக்கு இருப்பது போன். டெலி மானஸ் 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அதற்கு மத்திய பட்ஜெட் ஒதுக்கியது 2023-24-ல் 133.73 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே 90 கோடி. அழைப்புகள் கூடும்போது ஒதுக்கீடு ஏன் குறைகிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

நேரில் வரும் பொறுப்பை நம் சட்டம் யாரிடம் கொடுத்திருக்கிறது தெரியுமா? போலீஸிடம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரையோ, தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கும் நிலையில் இருப்பவரையோ போலீஸ் தன் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். முடிந்தவரை சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால், ஸ்டேஷனில் அந்த நேரத்தில் இருக்கிற காவலருக்கு இதற்கென்று எவ்வளவு பயிற்சி கொடுத்திருக்கிறோம், கூட அனுப்ப ஒரு மனநல நர்ஸுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. பட்ஜெட்டில் தேட வேண்டிய விஷயம் அது.

அந்த வண்டி வரும்வரைக்கும், மாடியில நிக்கிற அண்ணனுக்கு நீங்களும் அக்காவும்தான் டீம். முதல்ல கூட்டத்தைக் கலைங்க, போன் கேமராவை இறக்கச் சொல்லுங்க. அவருக்கு நம்பிக்கையான ஒரே ஒருத்தர் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மெதுவா பேசட்டும். 'அங்க யாருமே இல்லைண்ணே'னு வாதாடாதீங்க, 'பயமா இருக்காண்ணே? நான் இங்கேயே இருக்கேன்' போதும். அதே நேரம் இன்னொருத்தர் கீழே போய் 14416 அல்லது 104-க்குப் பேசலாம். கைப்பிடிச் சுவர்ல ஏறிட்டார், கையில ஆயுதம் இருக்குன்னா யோசிக்காம 112-க்கு அடிங்க. அடிச்சதும் முதல் வாக்கியத்துலயே 'இது மனநலப் பிரச்னை, குற்றம் இல்லை'ன்னு சொல்லுங்க. ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரை பேரு, எத்தனை நாளா தூங்கலை, வீட்ல யார் பேச்சைக் கேட்பார்னு சொல்லுங்க. சைரன் இல்லாம வரச் சொல்லிக் கேளுங்க. போலீஸ் வந்து 'ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறோம்'னா, 'சார், பிரிவு 100, ஜி.ஹெச்-க்குப் போகலாம். நாங்களும் கூட வர்றோம்'னு நிதானமா சொல்லுங்க. அக்காவோட நீங்களும் வண்டியில ஏறிக்கோங்க, பழைய பிரிஸ்கிரிப்ஷனை மறக்காம எடுத்துக்கிட்டு.